எந்த ‘மொத்தம்’?

கோலாலம்பூரில் ஒரு டாக்சி ஓட்டுநரிடம் “லிட்டில் இந்தியா போகவேண்டும்” என்று சொன்னால், அவர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வண்டியைத் திருப்புவார். கிள்ளானில் அதே பெயரைச் சொன்னால் தெங்கு கிளானா சாலையில் கொண்டுபோய் விடுவார். ஜார்ஜ் டவுனிலோ அது லெபோ பாசாரும் லெபோ குயினும் சூழ்ந்த பகுதி. 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயம் அங்குதான் இருக்கிறது. பினாங்குத் தீவின் மறுபக்கத்தில் உள்ள பாலிக் புலாவில் லிட்டில் இந்தியா என்று ஓர் இடம் இல்லை. ஆகவே, அங்குள்ளவர் சற்று வெளியே எண்ணிப் பார்த்து, ஜார்ஜ் டவுனுக்கு வழி சொல்வார். பெயர் ஒன்றுதான்; அது சொல்லப்படும் இடமே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

கணினி நிரல்களிலும் இதே நிலைதான். நிரலில் ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் பெட்டிக்கு ‘மாறி’ என்று பெயர். ஒரு மாறியின் பெயர் நிரலின் எந்தப் பகுதி வரை செல்லுமோ, அந்தப் பகுதியே அதன் ‘வரையெல்லை’. ஒரே பெயர் கொண்ட இரு மாறிகள் வெவ்வேறு வரையெல்லைகளில் இருக்கலாம். அவை இரண்டு தனிப் பெட்டிகள்.

லெபோ பாசாரில் உள்ள ஒரு தேநீர்க் கடைக்காக, மாணவி ஒருத்தி பைத்தான் மொழியில் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். பைத்தானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் சூட்ட முடியும். நிரலின் தொடக்கத்தில் ‘மொத்தம்’ என்னும் மாறியில் 0 என இடுகிறாள். பிறகு ‘கணக்கிடு’ என்னும் செயற்கூறுக்குள், விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கி, ‘மொத்தம்’ என்ற பெயரிலேயே சேமிக்கிறாள். இரண்டு ரிங்கிட் விலையில் மூன்று கோப்பைத் தேநீர். விடை 6 ஆக வேண்டும். நிரலை ஓட்டினால் திரையில் தோன்றுவதோ 0. கடைக்காரர் இதை நம்பினால் அன்றைய வியாபாரம் முழுவதும் இலவசம்தான்!

இத்தகைய நேரத்தில் உதவுவது பிழைதிருத்தி என்னும் மென்பொருள். பெயரைப் பார்த்து அது தானே பிழைகளைத் திருத்திவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஓடும் நிரலைக் குறித்த வரியில் நிறுத்தி, அந்த நொடியில் ஒவ்வொரு மாறியிலும் என்ன இருக்கிறது என்று காட்டுவதே அதன் வேலை. செயற்கூறுக்குள், பெருக்கல் முடிந்த இடத்தில் நிறுத்தினால் ‘மொத்தம் = 6’ என்கிறது. செயற்கூறு முடிந்து வெளியே வந்தபின் கேட்டால் ‘மொத்தம் = 0’ என்கிறது. பிழைதிருத்தியே பிழை செய்கிறது என்று முதன்முறை பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் இரண்டு விடைகளும் சரியே. முதல் விடை உள்ளே இருந்த பெட்டியைப் பற்றியது. இரண்டாவது வெளியே உள்ள பெட்டியைப் பற்றியது.

எந்தப் பெட்டி என்பது பிழைதிருத்திக்கு எப்படித் தெரிகிறது? பைத்தானில், நிரல் ஓடும்போதே ஒவ்வொரு செயற்கூறின் பெயர்களும் தனித்தனியே பதிவாகி இருக்கும். சி போன்ற மொழிகளில் காரியம் இவ்வளவு எளிதன்று. அங்கே நிரல்பெயர்ப்பி என்னும் மென்பொருள் நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடுகிறது. அந்தக் கட்டளைகளில் ‘மொத்தம்’ என்ற பெயரே இருக்காது. நினைவக முகவரிகளே இருக்கும். அதனால், நிரலாளர் கேட்டுக்கொண்டால் நிரல்பெயர்ப்பி ஒரு குறியீட்டு அட்டவணையையும் சேர்த்து எழுதி வைக்கும். இந்தப் பெயர், இந்த வகை மதிப்பு, இந்த இடத்தில் இருக்கிறது, இந்தக் கட்டளை முதல் அந்தக் கட்டளை வரை செல்லும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். இதற்குப் பரவலாகப் பயன்படும் வடிவம் ‘டுவார்ஃப்’. ஆங்கிலக் கதைகளில் வரும் குள்ளனின் பெயர் அது. நிரல்கோப்பின் வடிவத்திற்கு முன்பே ‘எல்ஃப்’ என்று பெயர் இருந்ததால், அதற்குத் துணையாக இந்தக் குள்ளன் வந்து சேர்ந்தான்.

நிரல் நின்றவுடன், பிழைதிருத்தி முதலில் எந்தக் கட்டளையில் நின்றது என்று பார்க்கிறது. அந்தக் கட்டளை அட்டவணையில் எந்தப் பகுதிக்குள் விழுகிறது என்று தேடுகிறது. அப்பகுதியில் கேட்ட பெயர் இருந்தால் அதுவே விடை. இல்லையென்றால் அதைச் சூழ்ந்த பகுதிக்குப் போகிறது. பிறகு அதற்கும் வெளியே. பாலிக் புலாக்காரர் செய்ததும் இதைத்தான்.

நிரலை நிறுத்துவதற்குச் சில்லும் உதவுகிறது. 1985-இல் வெளிவந்த இன்டெல் 80386 சில்லில், நான்கு நிறுத்தப்புள்ளிகளின் முகவரிகளைக் குறித்து வைக்கத் தனி இடங்கள் அமைக்கப்பட்டன. இந்த நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாசில்தான் திறந்தது.

ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. நான்கு முறை அழைத்தால், ஒரே பெயருள்ள மாறி நான்கு பிரதிகளாக இருக்கும். டிபன் கேரியரின் அடுக்குகளைப் போல அவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மேன் உருவாக்கிய ‘ஜிடிபி’ போன்ற பிழைதிருத்திகளில் ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு நகர்ந்து, அங்குள்ள மதிப்பைப் பார்க்கலாம். எந்த அடுக்கில் நிற்கிறோம் என்பதை மறந்தவர், தவறான மதிப்பை உண்மையென நம்பி மணிக்கணக்கில் அலைவார்.

மாணவியின் நிரலுக்குத் திரும்புவோம். ‘மொத்தம்’ எல்லா இடத்திற்கும் பொதுவானது என்று அறிவித்தால் 6 வந்துவிடும். எளிய வழிதான். ஆனால், பொதுவான பெட்டியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். 1985 முதல் 1987 வரை, தெராக்-25 என்னும் கதிரியக்கச் சிகிச்சை எந்திரம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தனர். அதன் நிரலின் பல பகுதிகள் ஒரே மாறிகளைப் பகிர்ந்துகொண்டதும், ஒரு பகுதி வேலை முடிப்பதற்குள் மற்றொரு பகுதி குறுக்கிட்டதும் காரணங்களில் அடங்கும்.

மாணவி வேறு வழியைத் தேர்ந்தெடுக்கிறாள். செயற்கூறின் கடைசி வரியில் விடையைத் திருப்பி அனுப்பச் செய்து, வெளியே உள்ள ‘மொத்தம்’ அதைப் பெற்றுக்கொள்ளும்படி எழுதுகிறாள். பிறகு அந்தக் கடைசி வரியில் நிரலை நிறுத்திப் பார்க்கிறாள். உள்ளே 6, ஓர் அடுக்கு வெளியே இன்னும் 0. அடுத்த வரிக்கு நகர்கிறாள். வெளியேயும் 6.