தட்டும் கதவும் சுடும் துப்பாக்கியும்

பெங்களூர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களை ஒட்டி, ஸ்ரீராமபுரத்துக்கு அண்டையில், தமிழும் கன்னடமும் ஒரே வாசலில் நின்று பேசிக்கொள்ளும் ஒக்கலிபுரம் போன்ற பேட்டைகளில் 1990களில் வளர்ந்தவர்களிடம் 'நாளே பா' என்ற இரண்டு கன்னடச் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். நடுவயதைத் தொட்டுவிட்டவர்கள்கூட ஒரு க்ஷணம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இரவில் ஒரு பெண் பேய் தெருத்தெருவாக வந்து, வீட்டாருக்கு வேண்டியவர்களின் குரலிலேயே அழைத்துக் கதவைத் தட்டும் என்றும், ஏமாந்து திறந்தவர் பிழைப்பதில்லை என்றும், 'நாளை வா' என்று கதவில் எழுதி வைத்தால் அதைப் படித்துத் திரும்பிப் போய், மறுநாளும் வந்து அதையே படித்துத் திரும்பும் என்றும் அந்நாளில் பரவிய வதந்தி, இந்நகரத்து வீட்டுக் கதவுகளில் சாக்குக்கட்டியால் எழுதப்பட்ட எழுத்தாக நெடுநாள் நின்றது. அந்தக் கதையில் வாளேந்திய வீரன் இல்லை. பேயைக் கண்ணால் கண்டவரும் இல்லை. மனிதனுக்கு இருந்த பாதுகாப்பெல்லாம் இரண்டு சொல், அதுவும் நாளை வரைக்குந்தான்.

இது என் நினைவுக்கு வந்ததற்குக் காரணம், என் தமக்கை மகன் ஒரு நள்ளிரவில் ஆடிக்கொண்டிருந்த வீடியோ கேம். திரை முழுவதும் பிணங்கள் எழுந்து வர, அவன் சற்றும் கலங்காமல் சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தான். "உனக்குப் பயமாக இல்லையா?" என்றேன். "இதுல எங்க மாமா பயம்? கையில துப்பாக்கி இருக்கே" என்றான். 'ரெசிடென்ட் ஈவில்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற திகில் விளையாட்டு வரிசை வெறும் சண்டை விளையாட்டாகிவிட்டதா என்று அதன் ரசிகர்கள் பல ஆண்டுகளாக நடத்திவரும் விவாதத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு விடையில் அடங்கியிருக்கிறது.

ஜப்பானின் ஒசாகா நகரத்துக் கேப்காம் நிறுவனம், ஷின்ஜி மிகாமியின் இயக்கத்தில், 1996-ஆம் ஆண்டு இந்த வரிசையின் முதல் விளையாட்டைப் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்டது. அந்நாட்டில் அதன் பெயர் 'பயோஹசார்ட்'. காட்டின் நடுவிலுள்ள ஒரு மாளிகையில் சிக்கிக்கொண்டவர்கள் உயிர் தப்ப வேண்டும் என்பதே கதை. அங்கே தோட்டாக்கள் சொற்பம். கிறிஸ் என்ற பாத்திரம் ஆறு பொருள்களுக்கு மேலும், ஜில் என்ற பாத்திரம் எட்டுக்கு மேலும் சுமக்க முடியாது. ஆடியது வரை பதிவு செய்து வைக்க வேண்டுமானால், தட்டெழுத்து இயந்திரத்துக்குரிய மை நாடாவைத் தேடிக் கண்டெடுக்க வேண்டும். காமிரா ஓரிடத்தில் அசையாமல் நிற்பதால், மூலைக்கு அப்பால் முனகுவது எது என்று காதுக்குத் தெரியுமே தவிரக் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வோர் அறையிலும் நுழையும்போது திரை இருண்டு ஒரு கதவு மெல்லத் திறக்கும். அடுத்த அறையின் விவரங்களை இயந்திரம் தட்டிலிருந்து படித்துக்கொள்ளும் தாமதத்தை மறைக்கவே அந்த உபாயம் கையாளப்பட்டது என்றாலும், இயந்திரத்தின் பலவீனமே ஆடுபவனின் நெஞ்சை உலுக்கும் கலையாக அங்கே மாறிவிட்டது.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது, அச்சம் பிறக்கும் நிலைக்களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கைச் சொன்னார். நான்கும் மனிதனை மீறிய சக்திகளே என்பதைக் கவனிக்க வேண்டும். தறுகண் என்னும் அஞ்சாமையை அவர் வைத்ததோ பெருமிதத்தின் பக்கம். அச்சமும் பெருமிதமும் இரண்டும் உயர்ந்த சுவைகளே. ஆனால் ஒன்று ஓங்கும் இடத்தில் மற்றொன்று ஒடுங்கியே தீர வேண்டும். இந்த வரிசையின் சரித்திரம், இவ்விரண்டுக்கும் இடையே ஆடிய ஊசலின் சரித்திரமே.

2005-இல் மிகாமியே இயக்கிய நான்காம் பாகத்தில் காமிரா வீரனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது, சண்டை பெருகிற்று. ஆயினும் குறி பார்க்கும் வேளையில் கால் நகர முடியாது என்ற ஒரே ஒரு தடை, நெருங்கி வரும் கூட்டத்தின் முன் ஆடுபவனை நடுங்க வைத்தது. 2009-இல் வந்த ஐந்தாம் பாகமோ, ஆப்பிரிக்க வெயிலின் வெளிச்சத்தில், உடன் போரிட ஒரு துணையையும் தந்து, முடிவில் எரிமலைக்குள் பெரும்பாறை ஒன்றைக் கிறிஸ் வெறுங்கையால் குத்திப் புரட்டும் காட்சி வரை போயிற்று. 2012-இன் ஆறாம் பாகத்தில் அது முழுப் போர்க்களமாகவே ஆகிவிட்டது.

இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. தயாரிப்புச் செலவு ஏற ஏற, திகிலை விரும்புகிறவர்கள் மட்டும் வாங்கினால் போதாது என்ற நிலைமை உண்டாகிறது. ஐந்தாம் பாகம் நெடுங்காலம் அந்த வரிசையிலேயே மிகுதியாக விற்பனையானது என்பதையும் மறுப்பதற்கில்லை. மேலும், பத்து முறை கண்ட பேய் பதினோராம் முறை பயமுறுத்துவதில்லை. பல பாகங்களில் பிழைத்து வந்த கதாநாயகனைப் புதிதாக அஞ்சுகிறவனாகக் காட்டுவதும் எளிதன்று.

இருந்தும் கேப்காம் தன் பிழையை உணர்ந்துகொண்டது போலவே தோன்றுகிறது. 2017-இன் ஏழாம் பாகத்தில், லூசியானாவின் சதுப்புநிலத்துப் பாழ்வீட்டுக்குள் மனைவியைத் தேடி நுழையும் ஈதன், போர்வீரன் அல்லன், நம்மைப் போன்ற சாதாரண மனிதன். அவன் கண் வழியாகவே நாம் காண்கிறோம். 2019-இல் புதுப்பித்து வந்த இரண்டாம் பாகத்தில், எத்தனை சுட்டாலும் சிறிது நேரம் மண்டியிட்டுப் பின் எழுந்து வரும் ராக்ஷசனின் காலடி ஓசையே போதுமானதாக இருந்தது. 2021-இன் 'வில்லேஜ்' இவ்வுண்மையைப் பிரத்தியக்ஷமாக நிரூபித்தது: அதன் இறுதியில் கிறிஸ் கனத்த துப்பாக்கிகளுடன் இறங்கும் பகுதி ஆரவாரமாக முடிந்துபோக, ஆயுதம் அனைத்தும் பறிபோய் வெறுங்கையுடன் நடக்க வேண்டிய பொம்மை வீட்டுப் பகுதிதான் ஆடியவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒன்பதாம் பாகமான 'ரெக்வியம்', அஞ்சும் சுபாவமுள்ள கிரேஸ் என்ற பெண்ணையும் பழகிய வீரனான லியோனையும் சேர்த்தே கதாபாத்திரங்களாக வைத்திருப்பது, அந்த ஊசல் இன்னும் நிற்கவில்லை என்பதற்கு அடையாளம்.

என் அபிப்பிராயம் இதுதான்: சண்டை இருப்பது குற்றமன்று, சண்டையால் எதையும் வென்றுவிடலாம் என்ற நம்பிக்கை ஆடுபவன் உள்ளத்தில் புகுந்த கணமே திகில் இறந்துபோகிறது. 2009-லும் 2012-லும் இந்த வரிசை எல்லை மீறியது மெய். அதற்குப் பின் பெரும்பாலும் வழிக்குத் திரும்பியிருக்கிறது என்பதும் மெய்.

1997-இல் த்ருவா இன்டராக்டிவ் நிறுவனம் தோன்றிய காலம் முதல், அயல்நாட்டு விளையாட்டுகளுக்குச் சித்திரமும் உருவமும் வனைந்து கொடுக்கும் தொழில் இந்தப் பெங்களூரில் வளர்ந்து வந்திருக்கிறது. அத்தொழிலில் இருக்கும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிறர் கதைகளுக்கு உழைத்த சாமர்த்தியத்தோடு, நம் தெருக்களின் கதைக்கும் ஒருநாள் உருவம் கொடுங்கள். கொடுக்கும்போது, ஆடுபவன் கையில் துப்பாக்கியைத் திணிக்காதீர்கள். இரவில் தட்டப்படும் ஒரு கதவும், எழுதுவதற்கு ஒரு சாக்குக்கட்டியும் போதும்.