சுண்டெலியின் கண்ணழுத்தம்

இரத்தோட்டை, எல்கடுவை முதலிய மாத்தளை மாவட்டத்து மலைத்தோட்டங்களிலே கண் மங்கிய முதியோர் பலர், “வெள்ளை விழுகிறது, முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று காலங்கடத்துவர். வெள்ளையாயின் சத்திரசிகிச்சை பார்வையை மீட்டுத் தரும். அம்மங்கல் குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோயால் விளைந்ததாயின், கடத்திய காலமெல்லாம் இழந்த காலமே. பெரும்பாலும் வலியின்றிப் பக்கப் பார்வையை முதலிற் கவரும் இந்நோயாற் பட்டுப்போன பார்வை நரம்பை மீண்டும் தளிர்க்கச் செய்யும் மருந்து இன்னும் தோன்றவில்லை.

இதன் போக்கை ஆராய விஞ்ஞானிகள் நாடியது, நாம் பொறி வைத்துப் பிடிக்கும் சுண்டெலியையே. 1909இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் குக் லிட்டில் உருவாக்கிய டி.பி.ஏ. எலிக்குலத்தின் ஒரு கிளையில் இந்நோய் தானாகவே தோன்றுகிறது என்பதை, 1998இல் ஜாக்சன் ஆய்வுகூடத்துச் சைமன் ஜோன் குழுவினர் எடுத்துக்காட்டினர். கருவிழித்திரையின் நிறத்துகள்கள் உதிர்ந்து, கண்ணீர்மம் வடியும் வழியை அடைக்கின்றன, அழுத்தம் ஏறுகிறது, நரம்பு நலிகிறது.

ஆயின் அவ்வழுத்தத்தை அளப்பது எங்ஙனம்? நம் விழியின் குறுக்களவு ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். சுண்டெலியினதோ மூன்றுக்குச் சற்றே மேல். முன்னர் எலியை மயக்கி, நுண்ணிய கண்ணாடி ஊசியை விழிக்குட் செலுத்தி அளந்தனர். இப்போது மெல்லிய கம்பியொன்று விழியை ஒரு கணம் தொட்டு மீள்கிறது. விழி எவ்வளவு இறுகியிருக்கிறதோ, அவ்வளவு விரைவில் கம்பி தடைபட்டுத் திரும்பும். அவ்வேகமாற்றத்திலிருந்து அழுத்தம் கணிக்கப்படுகிறது. மயக்கமருந்து அழுத்தத்தைத் தாழ்த்திவிடும். எலியின் கழுத்தை இறுகப் பிடித்தாலோ அது ஏறிவிடும். இரவில் நடமாடும் பிராணியாதலின் பகலளவும் இரவளவும் வேறுபடும். எனவே தினமும் ஒரே வேளையில், பழகிய கையால் அளக்கவேண்டும். பொறுமையற்றவர்க்கு ஏற்ற தொழிலன்று இது!

அழுத்தம் மட்டும் அறிந்தாற் போதாது. அழுத்தம் இயல்பளவில் இருந்தும் நரம்பு கெடும் மனிதர் ஆசியாவிற் பலர் உளர். பார்வையையும் சோதிக்கவேண்டும், எழுத்துப் பலகை படிக்க எலிக்குத் தெரியாதே! கருப்பும் வெள்ளையுமான கோடுகளை அதைச் சுற்றிச் சுழலவிடுகின்றனர். கோடு தெரியும்வரை தலை அதனுடன் திரும்பும். கோட்டை நுணுக்கிக்கொண்டே போனால், ஓரெல்லையில் தலை அசைவற்று நிற்கும். அதுவே அவ்வெலியின் பார்வைக் கூர்மை. விழித்திரை எழுப்பும் மின்னலையையும் பதிவுசெய்கின்றனர்.

இவ்வளவைகள் இன்றேல் 2017இல் வெளியான ஒரு முடிவு பிறந்திராது. உயிர்ச்சத்து பி3 கொடுக்கப்பட்ட இக்குலத்து எலிகளிற் பலவற்றின் பார்வை நரம்பு காக்கப்பட்டது. மனிதரிடத்தும் இதனைச் சோதித்து வருகின்றனர். அதன் முடிவு வருமுன் மருந்துக்கடைக்கு ஓடி மாத்திரை வாங்குதல் தகாது. நாற்பது வயது கடந்தவர், சிறப்பாகப் பெற்றோரோ உடன்பிறந்தோரோ இந்நோயுற்றவர், வெள்ளை முற்றக் காத்திராமல் கண் வைத்தியரிடம் சென்று அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்வது அவசியம். அதற்குச் சில நிமிடங்களே செல்லும்.