சவ்வாது மலை மலையாளிகளின் தோற்றக் கதை: தாய்வழி நோக்கு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழும் மலையாளி இனத்தவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். சாமை முதலிய சிறுதானியங்களைப் பயிரிடுபவர்கள். கேரள மக்களைக் குறிக்கும் பெயரோடு இவ்வினப்பெயருக்குத் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு. அம்மரபு தாயரைப் பற்றிக் கூறுவது யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வட ஆர்க்காடு மாவட்டம் பற்றி எச். ஏ. ஸ்டூவர்ட் எழுதியதைத் தழுவி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட வடிவம் பின்வருமாறு: சக ஆண்டு 1055இல் கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுக்கவே, வேடர்கள் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் இறந்ததாகக் கருதி ஈமக்கடன் செய்யுமாறு மனைவியரிடம் கூறிச் சென்றனர். பாலாற்று வெள்ளத்தில் நாய்கள் பாதியிலேயே திரும்பிவிட்டன. ஆடவர் ஆற்றைக் கடந்து வேடரைக் கொன்று ஊர் மீண்டபோது, மனைவியர் கைம்மைக் கோலத்தில் இருந்தனர். ஈமக்கடன் முடிந்ததால் சாதிக்குப் புறம்பான அவ்வாடவர், வேடர் குலப் பெண்களை மணந்து சவ்வாது மலையை அடைந்து வேளாண்மை செய்தனர்.

இதில் குறிக்கப்படும் ஆண்டை வரலாற்றுச் சான்றாக அன்றிக் கதைக்கூறாகவே கொள்ளுதல் பொருந்தும். கதையின் அமைப்பே ஆய்வுக்குரியது. கொள்வினை கொடுப்பினை மறுக்கப்பட்டதால் தொடங்கும் பகை, அதே இரு குலங்களுக்கிடையே நிகழும் மணத்தில் முடிகிறது. பெண் கொடுக்க மறுத்தவர்களே பெண் கொள்பவராகின்றனர். கவரப்பட்ட கன்னியர், கைம்மையுற்ற மனைவியர், வேடர் குலப் பெண்கள் என மூவகை மகளிர் கதையை நகர்த்தினும், ஒருவருக்கும் பெயரில்லை. இனத்தின் முதல் தாயராகிய வேடர் மகளிர் இறுதியில் ஒரு தொடரளவே இடம்பெறுகின்றனர். சேலம் பகுதியில் வழங்கும் மற்றொரு வடிவத்திலும் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறியோர் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என ஆடவராகவே சுட்டப்படுகின்றனர்.

தாய்வழி பதிவாகும்போது ஆய்வுக்குக் கிடைப்பது யாது என்பதற்கு ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796) ஓர் எடுத்துக்காட்டு. அவர் தந்தை நாட்டின் வடகிழக்கிலிருந்து எயர்ஷயருக்குக் குடிபெயர்ந்தவர். தாய் ஆக்னஸ் பிரௌன் எயர்ஷயரிலேயே பிறந்த உழவர் மகள். எழுதத் தெரியாத அத்தாய் பழைய நாட்டுப்பாடல்கள் பலவற்றை அறிந்திருந்தார். அவருடைய பிறப்பும் குடும்பமும் பதிவானதால், பர்ன்ஸின் பாடல் மரபைத் தாயின் மண்ணோடு இணைத்து ஆராய இயலுகிறது.

சவ்வாது மலைக் கதையிலும் தந்தையர் வெளியூரார். தாயர் வேட்டைக் குடியினர். கதை கூறுவதை அவ்வாறே ஏற்பினும், காடறிந்த மரபு தாய்வழியதே ஆகும். எனினும் காஞ்சித் தொடர்பு மட்டுமே இனப்பெருமையாக நிலைபெற்றுள்ளது. ஆதலின் ‘காஞ்சியிலிருந்து வந்தோர்’ என்னும் கூற்று இவ்வினத் தோற்றத்தின் ஒரு பாதியே. தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாடல் முதலிய மகளிர் வழக்காறுகளைத் தனியே தொகுத்து ஆராய்தல் மறுபாதியை அறிய வழிவகுக்கும்.