சிவப்பு விளக்கு சொல்வதைச் செவிமடுப்போம்

2020 மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் எமது வீதிகளில் ஓடிய வாகனங்கள் முதுமையடைந்தன. அனுமதி கிடைத்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. இருப்பதைப் பேணிக் காப்பதே இன்று பலருக்குமுள்ள ஒரே வழியாகும். ஆனால், தமது கோளாறை வாகனங்கள் தாமாகவே அறிவிக்கும் மொழியைப் பெரும்பாலான சாரதிகள் கற்றுக்கொள்வதில்லை. சாரதிப் பயிற்சியிலும் வீதிச் சமிக்ஞைகளுக்குக் கிடைக்கும் இடம் இவ்விளக்குகளுக்குக் கிடைப்பதில்லை என்பது எமது அபிப்பிராயம்.

திறப்பை 'ஓன்' நிலைக்குத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் யாவும் சில விநாடிகள் ஒளிரும். என்ஜின் இயங்கத் தொடங்கியதும் அணைந்துவிடும். விளக்குகள் வேலை செய்கின்றனவா என்பதற்கான பரிசோதனையே இது. பழைய கார் வாங்கச் செல்பவர்கள் இதனைக் கட்டாயம் கவனித்தல் வேண்டும். அவ்வேளையில் ஒரு விளக்கு ஒளிராதிருப்பின் அது பழுதடைந்திருக்கலாம். அன்றேல் கோளாறை மறைப்பதற்காக விற்பவரால் அகற்றப்பட்டிருக்கலாம். எரியும் விளக்கைக் கண்டு அஞ்சுவோர், எரியாத விளக்கைச் சந்தேகிப்பதில்லை.

நிறங்களின் பொருள் வீதிச் சமிக்ஞையை ஒத்ததே. பச்சையும் நீலமும் தகவல் மாத்திரமே. மஞ்சள், விரைவில் கவனிக்கச் சொல்கிறது. சிவப்பு, பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தச் சொல்கிறது. ஒயில் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், 'அடுத்த கராஜ் வரை போவோம்' என எண்ணுவது பேரிழப்பாகிவிடும். ஒயில் அழுத்தமின்றி ஓடும் என்ஜின் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடக் கூடும். வெப்பமானியின் சிவப்பு எரியும்போதும் நிறுத்தவே வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்திலுள்ள கொதிநீர் முகத்தில் பீறிடும். கைப்பிரேக்கை விடுவித்த பின்னரும் பிரேக் விளக்கு அணையவில்லையெனில், பிரேக் திரவம் குறைந்திருக்கலாம். கடுகண்ணாவ போன்றதோர் இறக்கத்தில் இதனைப் பொருட்படுத்தாதவர் தமது குடும்பத்தையே பணயம் வைக்கிறார்.

என்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் ஓரிரு நாட்களில் பரிசோதிக்கலாம். விட்டுவிட்டு ஒளிர்ந்தால் நிலைமை வேறு. எரிபொருள் முறையாக எரியவில்லை என்பதே அதன் பொருள். வேகத்தைக் குறைத்து, விரைவில் மெக்கானிக்கை நாட வேண்டும்.

அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது பற்றரி விளக்கே. ஓட்டத்தில் அது எரிந்தால் பலர் புதிய பற்றரி வாங்க ஓடுகின்றனர். உண்மையில் அது சுட்டுவது, பற்றரிக்கு மின்னேற்றம் கிடைக்கவில்லை என்பதையே. 'ஒல்டனேற்றர்' எனப்படும் மின்பிறப்பாக்கியோ அதனைச் சுழற்றும் பெல்ட்டோ பழுதடைந்திருக்கலாம். அவ்வேளையில் குளிரூட்டியையும் வானொலியையும் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் அருகிலுள்ள கராஜை அடைவதே உசிதம். அணைத்தால் மீண்டும் இயங்காது போகலாம். எனினும், வெப்பமும் சேர்ந்து ஏறினால் உடனே நிறுத்தத்தான் வேண்டும்; பல கார்களில் நீர்ப்பம்பியையும் அதே பெல்ட்டே இயக்குகிறது.

பற்றரிக்குக் குளிர்தான் எதிரி என மேலைநாட்டு நூல்கள் கூறும். எமக்கோ வெப்பமே எதிரி. வெப்பம் உள்ளேயுள்ள ஈயத் தகடுகளை விரைவாக அரிப்பதுடன் நீரையும் வற்றச் செய்கிறது. எனவே, குளிர்நாடுகளில் ஐந்து ஆண்டுகள் உழைக்கும் பற்றரி இங்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடுவதில் வியப்பில்லை. ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். 12 வோல்ற்றுக்குக் கீழிறங்கினால் அது வெறுமையாகிவிட்டது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ற் அளவில் இருத்தல் வேண்டும். சிறியதொரு மானியால் எவரும் இதனை அளந்து பார்க்கலாம்.

நிறுத்திவைப்பதும் பற்றரியைக் கொல்லும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாரக்கணக்கில் முற்றத்தில் நின்ற வாகனங்களின் உரிமையாளர்கள் இதனை அனுபவத்தில் அறிவர். கடிகாரமும் அபாய ஒலிக்கருவியும் மின்னைச் சிறிது சிறிதாக உறிஞ்ச, தகடுகளில் ஈய சல்பேற்றுப் படிகங்கள் இறுகிவிடுகின்றன. வாரம் ஒருமுறையேனும் அரை மணிநேரம் ஓட்டுவது நன்று. மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் காய்ச்சி வடித்த நீரை மாத்திரமே சேர்க்க வேண்டும். கிணற்று நீர் ஆகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு நீர் அறவே ஆகாது.

இன்னொரு காரிலிருந்து மின்னைப் பெறுவதாயின் நேர் முனையை நேர் முனையுடன் முதலில் இணைத்து, மறை முனைக் கம்பியின் இறுதி நுனியைப் பற்றரியில் அன்றி, சற்றுத் தள்ளி என்ஜினின் உலோகப் பகுதியில் பொருத்த வேண்டும். பற்றரியிலிருந்து கசியும் ஐதரசன் வாயு, இணைக்கும்போது தெறிக்கும் தீப்பொறியில் வெடிக்கக் கூடும்.

எமது வீதிகளில் பெருகியுள்ள பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரிக்குப் புறம்பாகச் சிறியதொரு 12 வோல்ற் பற்றரியும் உண்டு. அது ஓய்ந்தாலே கார் விழிக்காது. பெரிய பற்றரியே செத்துவிட்டதெனப் பதறி இலட்சக்கணக்கில் செலவிட முன்னர் இச்சிறியதைப் பரிசோதிப்பது அவசியம். பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் பின் ஆசனத்தின் அருகிலேயே உள்ளது. பெருநாள் கொள்வனவுப் பைகளால் அதனை அடைத்துவிட்டு, மதவாச்சியைக் கடந்ததும் எச்சரிக்கை விளக்கு எரிகிறதே என அங்கலாய்ப்பதில் பயனில்லை. செம்மஞ்சள் நிற மின்கம்பிகள் உயர் வோல்ற்றளவுடையவை; அவற்றில் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

பழுதடைந்த பற்றரியைப் புதியதை விற்கும் கடையிலேயே ஒப்படைத்தால் விலையில் கழிவும் கிடைக்கும். மாறாக, அமிலத்தை வளவுக்குள் ஊற்றிவிட்டு ஈயத்தை உருக்கி விற்போரும் உளர். அவ்வீயம் மண்ணில் தங்கி, முற்றத்தில் விளையாடும் குழந்தைகளின் உடலைச் சென்றடைகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துள்ளது.