பாதிச் சுவருக்கு என்ன விலை?

காசியில் பாதி கல்பாத்தி என்பார்கள். பாலக்காட்டின் இந்த அக்ரகாரத்தில் வீடு வாங்குபவருக்குச் சுவரும் பாதிதான். அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுச்சுவர் பொது. ஒரு கூரையைப் பிரித்தால் பக்கத்து வீட்டிலும் மழை இறங்கும். எனவே வெறும் சென்ட் கணக்கில் விலை பேசினால் ஏமாற்றம்தான். கரையான் தின்ற உத்தரம், ஒழுகும் ஓடு, பழைய மரவேலை தெரிந்த தச்சரின் கூலி எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். இடித்துக் கட்டுவதும் எளிதல்ல: அரசு அறிவித்த பாரம்பரிய கிராமம் இது, கலை, பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். சென்னை, மும்பை என்று சிதறிய வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இவ்வளவும் கழித்து மிஞ்சும் பணத்தில், விற்கும் முதியவருக்கு வேறு இடத்தில் ஒரு ஃபிளாட் கிடைப்பது சந்தேகம். கிடைத்தாலும், விசுவநாதர் கோயிலின் ஐப்பசித் தேர் அதன் வாசலுக்கு வராது.