ஒளியை முந்தும் கப்பல்

ராக்கெட் கூடாது, நெருப்பு கக்கக் கூடாது. ஆனால் பார்த்ததும் சக்தி தெரிய வேண்டும். ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, வடிவமைப்பாளர் மாட் ஜெஃப்ரீஸிடம் கேட்டது ஏறக்குறைய இதுதான். விமானம் ஓட்டத் தெரிந்த ஜெஃப்ரீஸ், இப்படிப்பட்ட இன்ஜின் ஆபத்தானதாகத்தான் இருக்கும் என்று யோசித்து, ஆட்கள் இருக்கும் பகுதியிலிருந்து அதை எட்டத் தள்ளி வரைந்தார். 1966இல் ‘என்டர்பிரைஸ்’ திரைக்கு வந்தது.

நிஜத்தில் நம் வேகம் பரிதாபம். விநாடிக்கு 17 கி.மீ. ஓடும் வாயேஜர்-1, நமக்கு அடுத்த நட்சத்திரத்தின் தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

தொடரில் வரும் ‘வார்ப்’ பயணத்துக்கு 1994இல் சமன்பாடு எழுதினார் மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியேர். ஒளியை முந்தக் கூடாது என்ற ஐன்ஸ்டீனின் தடை விண்வெளிக்குள் ஓடும் பொருளுக்குத்தான். விண்வெளி விரிவதற்கு அந்தத் தடை கிடையாது. கப்பலுக்கு முன்னால் அதைச் சுருக்கி, பின்னால் விரித்தால், கப்பலைச் சுமக்கும் குமிழ் ஒளியை முந்திவிடும்.

கேட்க ஜோர்தான். ஆனால் அதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும். 1997இல் ஃபெனிங்கும் ஃபோர்டும் போட்ட கணக்கில், கண்ணுக்கெட்டிய பிரபஞ்சம் முழுவதையும் ஆற்றலாக்கினாலும் போதவில்லை. பிறகு வந்தவர்கள் தொகையைக் குறைத்தார்கள். இன்னொரு சிக்கல் இருக்கிறது: ஒளியை முந்தும் குமிழின் முன்விளிம்புக்குக் கப்பலிலிருந்து எந்தச் சமிக்ஞையும் போய்ச் சேராது. கேப்டன் கிர்க் நிறுத்தச் சொன்னாலும் பிரேக் பிடிக்காது.