இருபது கேள்விகள், பத்து லட்சம் பதில்கள்

2015 மார்ச் 27 அன்று, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 118 பக்க ஆவணம் ஒன்றை வெளியிட்டது. அதில் 20 கேள்விகள். வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகளுக்கு உரிமம் தேவையா, அவை தொலைபேசி நிறுவனங்களுக்குப் பணம் கட்ட வேண்டுமா என்பவை அவற்றில் முக்கியமானவை. ஏப்ரல் 24க்குள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றிருந்தது. ஆனால் இப்படிப்பட்ட ஆவணங்களுக்குப் பெரும்பாலும் பதில் எழுதுபவர்கள் தொலைபேசி நிறுவனங்களின் சட்டப் பிரிவினரும் அவர்களுடைய சங்கங்களும்தான். மற்றவர்களுக்கு அப்படி ஒன்று வெளியானதே தெரியாது.

டெல்லியில் இருந்த நிகில் பாஹ்வாவுக்குத் தெரிந்தது. அவருடைய அன்றாட வேலையே இதுபோன்ற ஆவணங்களைப் படிப்பதுதான்.

பாஹ்வா 2008இல் 'மீடியாநாமா' என்ற இணையச் செய்தித் தளத்தைத் தொடங்கியவர். அதற்கு முன் 'கன்டென்ட்சூத்ரா' என்ற தளத்தில் இருந்தார். வலைப்பதிவு போலவே நடந்த இந்தத் தளங்களில் சினிமாவோ கிரிக்கெட்டோ கிடையாது. ரிங்டோன் வியாபாரம், மொபைல் கட்டணம், இணையச் சட்டங்கள் என்று அந்தத் துறையில் இருப்பவர்கள் மட்டுமே படிக்கிற விஷயங்களை அவர் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தார். பின்னால் நடந்த போராட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று போனில் எதை விற்க வேண்டுமானாலும் தொலைபேசி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வருமானத்தில் பெரும்பங்கு அவர்களுக்கே. என் அப்பாவின் ப்ரீபெய்டு போனில் ஒருநாள் காலையில் முப்பது ரூபாய் பேலன்ஸ் காணாமல் போயிருந்தது. அவர் கேட்காத ராசிபலன் சேவை ஒன்று தானாகச் சேர்ந்துகொண்டு, தினமும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த நான்கு முறை போன் செய்ய வேண்டியிருந்தது. வாசலில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு உள்ளே யார் வரலாம், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை அந்த வியாபாரத்தைப் பற்றி எழுதிவந்த பாஹ்வா அருகிலிருந்து பார்த்திருந்தார். இணையத்துக்கும் அப்படி ஒரு வாசல்காரர் வந்துவிடக் கூடாது என்பதுதான் இணையச் சமநிலை, அதாவது நெட் நியூட்ராலிட்டி.

வாசல்காரர்கள் அதற்குள் தயாராகியிருந்தார்கள். 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் அறிவித்தது: 3ஜியில் 10 கேபிக்கு 4 பைசா. கேட்கச் சின்னத் தொகைதான். ஒரு ஜிபிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4,000 ரூபாய். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அதை நிறுத்திவைத்தார்கள். 2015 ஏப்ரல் 6 அன்று 'ஏர்டெல் ஜீரோ' வந்தது. செயலி நடத்துகிற நிறுவனம் ஏர்டெல்லுக்குப் பணம் கட்டும். அந்தச் செயலியைப் பயன்படுத்தினால் வாடிக்கையாளரின் டேட்டா குறையாது. இலவசம்தானே, நல்லதுதானே என்று தோன்றும். திருநெல்வேலியில் நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒரு வேளாண் செயலி தொடங்கினால், பணம் கட்டிய பெரிய நிறுவனத்தின் செயலி இலவசமாக ஓடும், இவர்களுடையது மட்டும் டேட்டாவைத் தின்னும். எது பிழைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பாஹ்வாவும் வழக்கறிஞர்கள், மென்பொருள் எழுதுபவர்கள் என்று வெவ்வேறு துறைத் தன்னார்வலர்களும் சேர்ந்து 'சேவ் தி இன்டர்நெட்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். கோஷம் போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. 118 பக்கத்தை யாரும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சுருக்கினார்கள். 20 கேள்விகளுக்கும் பதில் எழுதிவைத்தார்கள். தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனை பதில்களோடும் மின்னஞ்சல் தயாராக நிற்கும். வேண்டியதை மாற்றி, பெயர் போட்டு அனுப்பலாம். ஆல் இந்தியா பக்சோத் நகைச்சுவைக் குழுவின் வீடியோ இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போய்ச் சேர்ந்தன. ஏர்டெல் ஜீரோவில் சேருவதாக இருந்த ஃப்ளிப்கார்ட், ஏப்ரல் 14 அன்று விலகிக்கொண்டது.

ஒரு கசப்பும் நடந்தது. வந்த மின்னஞ்சல்களை டிராய் அப்படியே, அனுப்பியவர்களின் முகவரிகளோடு தளத்தில் போட்டுவிட்டது. வெளிப்படைத்தன்மை என்று அதற்குக் காரணம் சொல்லலாம். கருத்துச் சொன்ன குடிமகனின் முகவரியை விளம்பர மோசடிக்காரர்களின் கையில் கொடுத்தது பெரும் தவறு என்றே நினைக்கிறேன்.

அடுத்த எதிராளி இன்னும் பெரியவர். ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த 'ஃப்ரீ பேசிக்ஸ்' ஏழைகளுக்கு இலவச இணையம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. உண்மையில் ஃபேஸ்புக்கின் விதிகளுக்கு உட்பட்ட சில தளங்கள் மட்டுமே அதில் கிடைக்கும். மற்ற இணையம் கிடையாது. தளத்துக்குத் தளம் வெவ்வேறு டேட்டா கட்டணம் வாங்கலாமா என்று கேட்டு 2015 டிசம்பர் 9 அன்று டிராய் வெளியிட்ட புதிய ஆவணத்தில் நான்கே கேள்விகள். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம், தெருக்களில் பெரிய பலகைகள் என்று ஃபேஸ்புக் இறங்கியது. மார்க் ஸக்கர்பர்க் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கட்டுரை எழுதினார். அதே பத்திரிகையில் பாஹ்வாவின் மறுப்பும் வந்தது.

ஃபேஸ்புக் தன் பயனர்கள் வழியாகவும் லட்சக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பவைத்தது. ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன் என்று அவை சொல்லினவே தவிர, டிராய் கேட்ட நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. டிராய் இதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. இரண்டு பக்கமும் கூட்டம் சேர்ந்தது, இரண்டு பக்கமும் தயாரித்துவைத்த கடிதம்தான். ஆனால் ஒரு பக்கம் ஆணையத்தின் கேள்வியைப் படித்துவிட்டு எழுதியது.

2016 பிப்ரவரி 8 அன்று டிராயின் முடிவு வந்தது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து வெவ்வேறு டேட்டா கட்டணம் வாங்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது. அதே ஆண்டில் பாஹ்வாவும் தோழர்களும் 'இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன்' அமைப்பைத் தொடங்கினார்கள். 2018 ஜூலையில் இணையச் சமநிலை விதிகளுக்கு மத்திய அரசின் டெலிகாம் கமிஷனின் ஒப்புதலும் கிடைத்தது.

செய்தி எழுதுபவர் களத்தில் இறங்கலாமா என்ற கேள்வி நியாயமானது. தன் தளத்திலேயே அந்தச் செய்திகளை எழுதிய பாஹ்வா, இயக்கத்தில் தனக்குப் பங்கு உண்டு என்பதையும் கட்டுரையோடு சேர்த்து அறிவித்தார். எல்லாம் தெரிந்தும் நடுநிலை என்ற பெயரில் ஒதுங்கி நிற்பதைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து.

2023 ஜூலை 7 அன்று டிராய் மறுபடி ஓர் ஆவணம் வெளியிட்டது. வாட்ஸ்அப் போன்ற சேவைகளை ஒழுங்குபடுத்த வேண்டுமா, கலவர நேரத்தில் முழு இணையத்தையும் நிறுத்தாமல் குறிப்பிட்ட செயலிகளை மட்டும் தடுக்கலாமா என்று அதில் கேட்டிருந்தார்கள். பெரிய இணைய நிறுவனங்கள் எங்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று தொலைபேசி நிறுவனங்கள் பழைய கோரிக்கையைப் புதிய பெயரில் எழுப்பின. டிராய் தளத்தில் கலந்தாய்வு ஆவணங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கேள்விகளின் பட்டியல், கடைசித் தேதி, பதில் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரி எல்லாம் இருக்கும்.